புளி போட்டுத் துலக்கிய பயோனெட்

பயோனெட் விற்கிற கடைக்குள் நுழையும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு பயோனெட் வேண்டாம். பத்தாவது ஆளுக்கு வேண்டும், ஆனால் நம்மிடம் இருப்பது வேண்டாம்.

துப்பாக்கி முனையில் மாட்டுகிற நீளக் கத்திதான் பயோனெட். வெள்ளைக்காரன் விட்டுப்போனவை டில்லியில் இன்னும் கிடைக்கின்றன. செங்கோட்டைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில், உடைந்த குழாய்க்கும் ஓட்டை வாளிக்கும் நடுவே கிடக்கும். எங்கள் முதலாளி மல்ஹோத்ரா சாப் அவற்றை அள்ளிக்கொண்டு வந்து, ஜன்பத் பக்கத்துச் சந்தில் இருக்கும் தன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்குவார். கத்தியின் பிடி முடிகிற இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். எந்தப் பட்டாளம், எந்தப் பிரிவு, எத்தனையாவது துப்பாக்கிக்கு உரியது என்று அதில் எழுத்தும் எண்ணும் அடித்திருப்பார்கள். கத்தி சேர்க்கிறவர்களுக்கு அந்த முத்திரைதான் உயிர். அதைப் படித்து, அட்டையில் இங்கிலீஷில் எழுதி, கத்தியில் கட்டித் தொங்கவிடுவது என் வேலை.

இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் கணக்கு. பன்னிரண்டாவதில் அது போய்விட்டது. மறுபடி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா கத்தவில்லை. பட்டாளத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ரிடையராகி, இப்போது ஒரு மத்திய அரசு ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர். எல்லாவற்றையும் ஆர்டராகப் போட்டுத்தான் பழக்கம். "விஜயதசமி வரைக்கும் டைம், சாந்தி. அதுக்குள்ள உன்னை அந்தக் கடையில நிரந்தரமா எடுத்துக்கணும். இல்லன்னா அன்னைக்கே கோல் மார்க்கெட் டைப்ரைட்டிங் கிளாஸ்ல சேத்துடுவேன். படிப்பு ஆரம்பிக்க நல்ல நாள்" என்றார். ஒரே இடத்தில் உட்கார்ந்து 'ஏ எஸ் டி எஃப்' தட்டுவதை நினைத்தாலே எனக்குக் கால் அரிக்கும்.

நீங்களும் கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்றவராக இருந்தால், கீழே இருப்பதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆள் யாரும் இல்லையா?

இது கடையில் என் காதில் விழுந்த முதல் கேள்வி. இன்றுவரை அதிகம் விழுந்த கேள்வியும் இதுதான். நான் நடுக் கடையில் நிற்பேன். உள்ளே வருகிறவர் என் தலைக்கு மேல் பார்த்து, "ஆள் யாரும் இல்லையா?" என்பார். நான் பூனையா, ஸ்டூலா?

ரிடையரான கர்னல் ஒருவர் வந்தார். வெள்ளை மீசை, கைத்தடி. ஒரு கத்தியை எடுத்து, அலகின் அடியில் இருந்த பெருக்கல் குறியைக் காட்டி, "இது கழித்துக் கட்டிய சரக்கு. பெருக்கல் குறி போட்டால் தேறவில்லை என்று அர்த்தம்" என்றார். நான், "இல்லை சார். கத்தியை வளைத்துப் பார்ப்பார்கள். பழையபடி நிமிர்ந்தால் அந்தக் குறி போடுவார்கள். தேறியதற்குத்தான் அது" என்றேன். தான் முப்பது வருஷம் பட்டாளத்தில் இருந்ததாகச் சொன்னார். இருக்கட்டும். இழுப்பறையைத் திறந்து பன்னிரண்டு கத்திகளை வரிசையாக வைத்தேன். பன்னிரண்டிலும் பெருக்கல். "இத்தனையும் தேறாத கத்தி என்றால், தேறின கத்தியை வெள்ளைக்காரன் எங்கே சார் வைத்திருந்தான்?" என்று கேட்டேன்.

மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே இருந்து வந்த முதலாளியிடம் சொன்னார்: "இந்தப் பெண் விஷயம் தெரிந்தவள், மல்ஹோத்ரா. எதற்கும் ஆண்பிள்ளை யாராவது வந்ததும் இதையே ஒரு தடவை கேட்டு எனக்குச் சொல்லி அனுப்பு."

மாப்பிள்ளைக்கு ஒரு கத்தி

பஞ்சாபிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் வரும்போது கையிலோ இடுப்பிலோ வாள் இருக்க வேண்டும். வாடகைக்கே கிடைக்கும். ஜனக்புரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் வாடகை வாள் பிடிக்கவில்லையாம், யார் யாரோ பிடித்ததாம். அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், நடுவில் சிகரெட் நாற்றத்தோடு மாப்பிள்ளை. நான் பயோனெட்டை எடுத்துக் காட்டி, இது துப்பாக்கியில் மாட்டுவது, இதைக் கையில் பிடித்தால் காய்கறி நறுக்கப் போகிற மாதிரி இருக்கும் என்று சொன்னேன். நிஜத்தைத்தான் சொன்னேன்.

ஒரு அத்தை மாப்பிள்ளையின் இடுப்பில் ஒன்றைச் செருகிப் பார்த்தாள். நீளம் பிடித்துவிட்டது. நிறம்தான் பிடிக்கவில்லை. பழைய இரும்பு கறுத்துத்தான் இருக்கும், அந்தக் கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி, அதைத் தேய்த்தால் மதிப்புப் போய்விடும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா என் தலையில் கை வைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "மகளே, நாங்கள் கேட்பது கல்யாணத்துக்கு, கருமாதிக்கு இல்லை. பளபளவென்று ஒன்றுகூடவா இல்லை?"

தேங்காய்

கடை வாசலில் நின்று நான் ரிக்‌ஷாக்காரனோடு சண்டை போட்டதில் என் ஹிந்தியைக் கேட்டுவிட்டு, "நீ தமிழ்ப் பொண்ணுதானே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு மாமா உள்ளே வந்தார். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்காரர். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா எந்த ஆபீஸ், என்ன கிரேடு என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் பெட்டிப் பக்கம் திரும்பினார். கத்தி ஒன்றைக் கையில் வாங்கி, முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். பரவாயில்லை, தமிழ் ஆள் ஒருவருக்காவது இதில் ருசி இருக்கிறதே என்று நினைத்தேன். பட்டாளம், பிரிவு, வருஷம் எல்லாம் ஒப்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பிறகு, "இதைத் தரையிலே நட்டு வச்சா ஆடாம நிக்குமோ?" என்றார். எதற்கு நட வேண்டும் என்று கேட்டேன். "இந்த ஊர்லே மட்டைத் தேங்காய் கெடைக்கறதே கஷ்டம். கெடைச்சா உரிக்க ஒரு கடப்பாரை கிடையாது. நீ சொன்ன பட்டாளம் எல்லாம் இருக்கட்டும்மா. நார் பிரியுமா, அதைச் சொல்லு."

ராம்சரணின் தகரப் பெட்டி

ராம்சரண் எங்கள் கடை பாலிஷ்காரர். பிடிக்கு எண்ணெய் தடவுவார், உறையின் தோலைத் தைப்பார். அவர் ஸ்டூலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதில் என்ன இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். எழுத்து அச்சுகள். ஏ முதல் இஸட் வரை, பூஜ்யம் முதல் ஒன்பது வரை, எஃகில். முத்திரை இல்லாத மொட்டைக் கத்திகளின் குமிழில் அவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பட்டாளம் பிறந்துவிடும். மேலே கொஞ்சம் உப்புத்தண்ணீர், கொஞ்சம் புகைக்கரி.

அதுவரை தெரியாமல் எழுதிய அட்டைகளைக் கழற்றிவிட்டு, இனி அந்தக் கத்திகளுக்கு அட்டை எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதால் அல்ல, வீட்டில் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கினால் அது நான் அந்தக் கடையில் இல்லாதபோதும் பேசிக்கொண்டிருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளி திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அட்டைக் கட்டை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்தார், கோழி கிளறின மாதிரி. ராம்சரண் என்னைப் பார்த்துப் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "அச்சா ஹை, தங்கச்சி. ஒரு கடையில் ஒரு யோக்கியன் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம்."

கண் டாக்டர்

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் சென் வருவார். ரிடையரான கண் டாக்டர், வங்காளி. சொந்தமாக லென்ஸ் கொண்டுவருவார். ஒரு கத்தியைப் பத்து நிமிஷம் பார்ப்பார், நோட்டில் முத்திரையை அப்படியே வரைந்துகொள்வார், கத்தியைத் திருப்பி வைப்பார். அடுத்தது. இப்படி ஒரு மணி வரை. ஒரே ஒரு கத்திகூட வாங்கினதில்லை. நாற்காலி கேட்பார், தண்ணீர் கேட்பார், ஃபேனைத் திருப்பச் சொல்வார், ஃபேன் அட்டைகளை ஆட்டுகிறது என்று மறுபடி திருப்பச் சொல்வார். நான் ஒருநாள் பொறுக்காமல், "டாக்டர் சாப், உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு வேண்டியது சென்னைப் பட்டாளம் ஒன்றின் இரண்டாம் பிரிவு முத்திரை. அவர் நோட்டில் அந்த ஒரு கட்டம் மட்டும் வருஷக்கணக்காகக் காலி. செப்டம்பர் கடைசியில், சந்தையிலிருந்து வந்த ஒரு சாக்கில் நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். 2, அதன் கீழ் மெட்ராஸுக்கு எம், அதன் கீழ் 147. மூன்றும் ரொம்ப மேலாக, நகத்தால் கீறின ஆழத்துக்குத்தான் இருந்தன. எழுத்துக்குள் படிந்திருந்த கறுப்புதான் அவற்றைக் காட்டிக்கொடுத்தது. முதலாளி உடனே டாக்டருக்குப் போன் போட்டார். துர்கா பூஜைப் பந்தல் கூட்டத்துக்கு நடுவில் இப்போது வர முடியாது, தசரா அன்று காலை வருகிறேன் என்று சொன்னாராம். போனை வைத்துவிட்டு முதலாளி என்னிடம், "இந்தக் கிழவர் இதை வாங்கினால் நீ அன்றைக்கே நிரந்தரம்" என்றார். தசரா என்றால் எங்களுக்கு விஜயதசமி. அப்பாவின் கெடுவும் அதே நாள்.

இரண்டு நாள் கடை லீவு. வெயிலில் வைத்து நிதானமாகப் படித்து அட்டை எழுது என்று முதலாளி கத்தியை என்னோடு வீட்டுக்கு அனுப்பினார். கிளம்பும்போது டாக்டரிடமிருந்து மறுபடி போன். என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "துடைக்காதே. எண்ணெய் போடாதே. ஊதக்கூட ஊதாதே."

ஆயுத பூஜை

நான் ஊதவில்லை. எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் உட்கார்ந்து, குமிழின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்துப் பென்சிலால் மேலாகத் தேய்த்துப் பிரதி எடுத்தேன். எல்லாக் கத்திக்கும் நான் அப்படித்தான் செய்வேன். அட்டை எழுத அது வசதி. 2, எம், 147, மூன்றும் வெள்ளையாக எழும்பி வந்தன. கத்தியை அலமாரிக்கு மேல் தட்டில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அம்மா சொன்ன நாலு வீட்டுக் கொலுவுக்குப் போனேன். சுண்டலோடு திரும்பி வர ரெண்டு மணி நேரம்.

சாமி படத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆயுதங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அரிவாள்மணை, கத்தரிக்கோல், சைக்கிள் ஸ்பேனர், அப்பாவின் பேனா. நடுவில் ஜெகஜோதியாக ஒன்று. சந்தனம், குங்குமம், குமிழில் ஒரு செம்பருத்தி. நான் கும்பிடுவதற்குப் பதிலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாம்மா பண்ணே?" என்றேன்.

"என்னா பண்ணாங்க? இம்மாம் அழுக்கோட சாமிக்கு வெப்பாங்களா? புளி போட்டு, செங்கத்தூள் போட்டுத் தேய்ச்சேன். அப்பவும் கறுப்பு போவல. உங்கப்பாதான் உப்புத்தாள் கொண்டாந்து நல்லா இழைச்சாரு."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"பசங்க தொடக்கூடாதுன்னு நெனச்சோம். நாங்க பெரியவங்க."

கத்தியை எடுத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். அம்மா என் கையில் ஒரு அடி வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டின பிறகுதான் எடுக்க வேண்டும். குனிந்து, செம்பருத்தியை ஊதித் தள்ளிப் பார்த்தேன். 2 என்று நினைத்துக்கொண்டால் 2. எம் பாதி. 147 அறவே இல்லை. சந்தையில் கிடந்தபோது போகாத முத்திரை எங்கள் வீட்டில் ரெண்டு மணி நேரத்தில் போய்விட்டது. அப்பா பின்னால் வந்து நின்று, இருபது வருஷப் பட்டாளப் பெருமையோடு சொன்னார்: "கிட் இன்ஸ்பெக்‌ஷன்ல இதை வெச்சா எந்த ஆபீசரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது, பாரு."

தசரா காலை

அம்மா கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் ஒன்பதரை. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பதினோரு மணி முதல் டைப்ரைட்டிங் கிளாஸ் வாசலில் நிற்பதாகச் சொல்லிக் கிளம்பினார். நான் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்தேன். குங்குமத்தைத் துடைக்கக்கூட நேரமில்லை. கடைக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ராம்சரணைப் பார்த்தார். ராம்சரண் தகரப் பெட்டியைத் திறந்து 2, எம், 1, 4, 7 என்று அச்சுகளை எடுத்து வரிசையாக வைத்தார். "பத்து நிமிஷம் போதும். நீ அட்டையை மட்டும் எழுது" என்றார் முதலாளி. "அந்த அட்டை உன் கையெழுத்தில் இருக்க வேண்டும். டாக்டர் என் கையெழுத்தை நம்பமாட்டார்."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு அட்டை எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் ஏ எஸ் டி எஃப். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து டாக்டர் வந்துவிட்டார், லென்ஸைக் கையில் பிடித்தபடியே. இனிமேல் என்ன யோசிப்பது? "டாக்டர் சாப், முத்திரை போய்விட்டது. எங்கள் அம்மா புளி போட்டுத் துலக்கிவிட்டாள், எங்கள் அப்பா உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராம்சரண் அச்சுகளைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினார்.

டாக்டர் கத்தியை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். குங்குமம் ஒட்டின விரலை மோந்து பார்த்தார். "தேய்ப்பதற்கு முன் நீ படித்தாயா?" என்று கேட்டார். பையிலிருந்து பென்சில் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அதை எங்கள் ஒற்றை ஜன்னலுக்குக் கொண்டுபோய், முழுசாகப் பத்து நிமிஷம் பார்த்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக எரிச்சல் இல்லாமல் ஃபேனை நிறுத்தினேன்.

பிறகு அவர் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, தாளைத் தன் நோட்டில் அந்தக் காலிக் கட்டத்தில் பொருத்தினார். "எனக்கு வேண்டியது இது. இரும்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். முதலாளி வாயைத் திறப்பதற்குள், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து, ஏழு கத்திகளைப் பொறுக்கி மேஜையில் வைத்தார். ஏழிலும் என் கையெழுத்து அட்டை. கோழி கிளறின அட்டை ஒன்றையும் அவர் தொடவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கடையில் எதை நம்புவது என்று தெரியாமல்தான் வாங்காமல் இருந்தாராம், கையெழுத்து இரண்டாகப் பிரிந்த நாள் முதல் கவனித்துக்கொண்டிருந்தாராம். முதலாளி அந்த ஏழு அட்டைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ராம்சரணிடம் தகரப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். என்னிடம், "நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துவிடு. இனி எல்லா அட்டையும் நீயே" என்றார். அவர் பாஷையில் அதுதான் நிரந்தரம்.

நான் அப்பாவிடம் ஓடப் புறப்பட்டேன். வாசலில் டாக்டர் நிறுத்தினார். நான் பிரதி எடுத்த தாள் என் பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சைத் தாள். வீட்டில் அதைவிட மெல்லிசாக வேறு தாள் இல்லை. அவர் அதைத் திருப்பிப் பிடித்து, லென்ஸை வைத்துப் பார்த்துச் சொன்னார்: "பின்பக்கம் இருக்கிற கணக்கு மூன்றாவது வரியிலேயே தப்பு. முன்பக்கம் சரி."

மாமா கேட்ட தேங்காய்க்கும் ஆகாமல், டாக்டர் கேட்ட நோட்டுக்கும் ஆகாமல் நின்ற அந்தக் கத்தியை, கல்யாண சீசன் தொடங்கின வாரம் ஜனக்புரிக் குடும்பம் அதன் பளபளப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிப் போய்விட்டது. இரண்டு உலக யுத்தங்களைத் தாண்டி வந்த இரும்பு, எங்கள் வீட்டு ஆயுத பூஜையை மட்டும் தாண்டவில்லை.